நியூ ஆர்லியன்ஸ் வெயிலும் ஒரு சின்னப் பெண்ணும்



"டீச்சர், மாதா மாதம் பள்ளிக்கூடக் கதையே எழுதுகிறீர்கள். முதுகில் பையை மாட்டிக்கொண்டு அமெரிக்கா போய் வந்தீர்களாமே, அந்தக் கதையை எப்போது எழுதப் போகிறீர்கள்?" என்று பேராக்கிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கேட்டது நியாயம்தான். இந்த மாதம் பயணக் கதையே எழுதிவிடுகிறேன். ஆனால் ஒன்று. நான் எங்கே சுற்றினாலும் கடைசியில் ஏதாவது ஒரு பள்ளிக்கூட வாசலில்தான் போய் நிற்பேன். என் ஜாதகம் அப்படி! பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2018ஆம் ஆண்டு ஜூன் மாதப் பள்ளி விடுமுறை. எனக்குத் துணை என் தோழி. பட்டணத்து மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள். சிறு வயதில் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். "ஒரு தடவையாவது தூர தேசம் பார்க்க வேண்டும்" என்று சொல்லிச் சொல்லியே ஆறு வருடம் சீட்டுக் கட்டினோம். சுற்றுலாக் குழுவோடு போகக் கையில் பணம் போதவில்லை. ஆகவே ஆளுக்கொரு முதுகுப் பை, மலிவான விடுதி, ரயில், பேருந்து, நடை. பைக்குள் மூன்று செட் துணி, ஒரு கைலி, மைலோ பொட்டலம், கோயில் திருநீறு. அவ்வளவுதான் சொத்து.

எங்கள் கோலத்தைப் பார்த்து அம்மா சொன்னார்: "ஏம்மா, அந்தக் காலத்துல கங்காணி கூட்டியாந்த சனங்கதான் இப்படி மூட்டையத் தூக்கிக்கிட்டுக் கப்பலேறுச்சுங்க. படிச்ச பொம்பளைங்களுக்கு இது தேவையா?"

தேவைதான் என்று கிளம்பிவிட்டோம்.

நம் ஊர் வெயில்தான்!

மெம்பிஸ் நகரில் காலையில் ரயிலேறினோம். மிசிசிப்பி மாநிலத்தை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து போகிறது அந்த ரயில். வழியெல்லாம் தட்டையான வயல்வெளி. லூசியானா மாநிலத்துக்குள் நுழைந்து ஹாமண்ட் என்ற ஊரைத் தாண்டியதும் காட்சி மாறுகிறது. இருபுறமும் சதுப்பு நிலம். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கிழவனின் நரைத்த தாடிபோல் பாசி தொங்குகிறது. பிறகு கடலோ என்று எண்ணும்படி ஓர் ஏரி. பெயர் பாண்ட்சார்ட்ரைன். அதன் ஓரமாகவே வந்து பிற்பகலில் நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்தோம்.

ரயிலும் நெடுந்தூரப் பேருந்தும் ஒரே நிலையத்துக்குத்தான் வருகின்றன. 1954இல் திறக்கப்பட்ட கட்டடம். உள்ளே சுவரின் மேற்பகுதியில் லூசியானாவின் வரலாற்றைப் பெரிய பெரிய ஓவியங்களாகத் தீட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தபடியே நடந்து கதவைத் திறந்தோம். பானை மூடியைத் திறந்தால் முகத்தில் ஆவி அடிக்குமே, அப்படி அடித்தது வெயில்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். இது நம் ஊர் வெயிலல்லவா! காற்றில் அதே ஈரம், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அதே பிசுபிசுப்பு. ஜூன் மாதத்தில் பகல் வெப்பம் 32, 33 பாகைக்குப் போகிறது. மாலையானால் இடி இடித்து ஒரு பாட்டம் மழை. ஒரே ஒரு வித்தியாசம், அங்கே கோடைப் பகல் நீளம். சூரியன் விழும்போது மணி எட்டு ஆகிவிடுகிறது. நம் ஊரில் ஏழரைக்குள் ஓய்ந்துவிடுகிற வெயில், அங்கே இராச் சாப்பாட்டு வேளை வரை விடாமல் காய்கிறது.

என் தோழி அங்கேயும் தாதிதான். "தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதே. மணிக்கொரு தடவை தண்ணீர் குடி. நண்பகல் முதல் நாலு மணி வரை நிழலைவிட்டு வெளியே வராதே. கட்டடங்களுக்குள் குளிர்சாதனம் ஐஸ் பெட்டிபோல இருக்கும். வியர்த்த உடம்போடு நுழையும்போது ஒரு துப்பட்டாவைப் போர்த்திக்கொள்" என்று சட்டம் போட்டாள். இந்த மூன்றையும் நீங்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். எந்த வெயில் ஊருக்குப் போனாலும் உதவும்.

ஊரும் சோறும்

நாங்கள் போன 2018தான் அந்த நகரம் தோன்றி 300ஆம் ஆண்டு. 1718இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்தது. பிறகு ஸ்பெயின்காரர்கள் கைக்குப் போனது. 1803இல் அமெரிக்கா வாங்கிக்கொண்டது. ஒரு பக்கம் மிசிசிப்பி ஆறு, மறு பக்கம் ஏரி. பாதி நகரம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கரை கட்டியும், பெய்கிற மழைநீரை இயந்திரம் வைத்து இறைத்து வெளியேற்றியும்தான் ஊரைக் காப்பாற்றி வருகிறார்கள்.

நாங்கள் போனபோது டிராம் வண்டிக்கு ஒரு தடவை ஏற ஒன்றேகால் டாலர். நாள் முழுதும் சுற்ற 3 டாலர். செயின்ட் சார்லஸ் தெருவில் ஓடும் டிராம் பாதை 1835இல் தொடங்கியது. இன்றும் ஓடுகிறது. மர இருக்கை, திறந்த ஜன்னல். குளிர்சாதனம் கிடையாது. வெயிலுக்கு அந்த ஜன்னல் காற்றுதான் சொர்க்கம்.

ஊர்க்காரர்கள் வாய் நிறையப் பேசுகிறார்கள். முன்பின் தெரியாதவரைக்கூட 'பேபி' என்றுதான் அழைக்கிறார்கள். டிராம் ஓட்டிய அம்மாள் என் தோழியைப் பார்த்து, "உள்ளே தள்ளிப் போ, பேபி" என்றார். "கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் என் வீட்டுக்காரர் ஒரு தடவைகூட இப்படிக் கூப்பிட்டதில்லையடி!" என்று அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

போய்ச் சேர்ந்த நாள் திங்கட்கிழமை. அந்த ஊரில் திங்கட்கிழமை என்றால் சிவப்பு அவரைக் குழம்பும் சோறும்தான். அந்தக் காலத்தில் திங்கட்கிழமை துணி துவைக்கும் நாளாம். ஞாயிற்றுக்கிழமை சமைத்த இறைச்சியின் மிச்ச எலும்பைப் போட்டு அவரையை அடுப்பில் ஏற்றிவிட்டால், துவைத்து முடிவதற்குள் அது தானாக வெந்துவிடும். எந்த நாட்டிலும் பெண்களின் கணக்கு ஒன்றாகத்தான் இருக்கிறது, பார்த்தீர்களா! மறுநாள் 'கம்போ' சாப்பிட்டோம். இறாலும் நண்டும் வெண்டைக்காயும் போட்டுச் சோற்றின்மேல் ஊற்றித் தருகிற குழம்பு. கம்போ என்ற சொல்லே ஆப்பிரிக்க மொழியில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கப்பலில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் சொத்து எதையும் கொண்டுவரவில்லை. நாக்கின் ருசியையும் சொல்லையும் கொண்டுவந்தார்கள்.

அமெரிக்காவிலேயே மிகப் பெரிய அடிமைச் சந்தை அங்கேதான் இருந்தது. கரும்புத் தோட்டங்களுக்கும் பருத்தித் தோட்டங்களுக்கும் மனிதர்களை விற்ற ஊர் அது.

ரயில் பெட்டியில் தொடங்கிய வழக்கு

மூன்றாம் நாள் காலை, வெயில் ஏறுமுன் கிழக்குப் பக்கமாக நடந்தோம். பிரஸ் தெருவும் ராயல் தெருவும் சந்திக்கும் இடத்தில் ரயில் தண்டவாளம் போகிறது. பக்கத்தில் ஒரு நினைவுப் பலகை.

1892 ஜூன் 7ஆம் நாள், ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தொழிலாளி அங்கே ரயிலேறினார். கறுப்பர்களுக்குத் தனிப் பெட்டி என்பது அப்போதைய லூசியானாச் சட்டம். அவர் வேண்டுமென்றே வெள்ளையர் பெட்டியில் போய் உட்கார்ந்தார். கைது செய்தார்கள். அந்தச் சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க வேண்டும் என்று ஊரிலுள்ள ஒரு குழுவினர் முன்னதாகவே போட்ட திட்டம் அது. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1896இல் தீர்ப்பு: "பிரித்து வைக்கலாம், வசதி சமமாக இருந்தால் போதும்."

சமமாகவா இருந்தது? பள்ளிக்கூடம், டிராம், குடிதண்ணீர்க் குழாய் எல்லாம் பிரிக்கப்பட்டன. நாங்கள் ஜன்னல் காற்று வாங்கிப் போன டிராமிலேகூட 1958 வரை கறுப்பர்களுக்குத் தடுப்புப் பலகை வைத்துத் தனி இடம்தான். 1954இல்தான் உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் பிள்ளைகளை நிறம் பார்த்துப் பிரிப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. பிளெஸ்ஸிக்கு லூசியானா ஆளுநர் மன்னிப்பு வழங்கியது எப்போது தெரியுமா? 2022 ஜனவரியில்! அவர் இறந்து 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

காலி வகுப்பறை

அங்கிருந்து பேருந்து பிடித்து வடக்கு கால்வெஸ் தெருவுக்குப் போனோம். இந்தப் பயணத்தில் நான் கட்டாயம் பார்த்தாக வேண்டும் என்று எழுதி வைத்திருந்த இடம் அது. வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளி.

1960 நவம்பர் 14ஆம் நாள் காலை, ரூபி பிரிட்ஜஸ் என்ற 6 வயதுச் சிறுமி இந்தப் பள்ளியின் படிகளில் ஏறினாள். இதற்குமுன் ஒரு கறுப்பினப் பிள்ளைகூட ஏறாத படிகள். முன்னும் பின்னும் மத்திய அரசின் காவல் அதிகாரிகள் நால்வர். தெருவெல்லாம் கூட்டம், கூச்சல். அந்த ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் மார்டி கிரா திருவிழா என்று எண்ணிக்கொண்டாளாம் அந்தக் குழந்தை! அதே நாளில் வேறொரு பள்ளியில் இன்னும் மூன்று சிறுமிகள் சேர்ந்தார்கள். இந்தப் பள்ளிக்கு ரூபி மட்டும்தான்.

வெள்ளைக்காரப் பெற்றோர் ஓடிவந்து தங்கள் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டார்கள். முதல் நாள் முழுதும் ரூபி தலைமையாசிரியர் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பாடம் சொல்ல ஆசிரியர்கள் முன்வரவில்லை. ஒரே ஒருவர் வந்தார். பாஸ்டன் நகரத்து இளம் வெள்ளைக்கார ஆசிரியை, பெயர் பார்பரா ஹென்றி. காலி மேசைகள் நிறைந்த வகுப்பறையில் ஒரு டீச்சரும் ஒரு பிள்ளையுமாக அந்த ஆண்டு முழுவதும் பாடம் நடந்தது.

ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்காகச் சில விவரங்கள் சொல்கிறேன். வெளியே நின்ற ஒருத்தி, "உனக்கு விஷம் வைப்பேன்" என்று தினமும் மிரட்டினாள். அதனால் வீட்டுச் சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் ரூபி உண்ணக் கூடாது என்று அதிகாரிகள் கட்டளையிட்டார்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் அந்தக் குழந்தை ரொட்டியை அலமாரிக்குள் ஒளித்து வைத்தது. பாலைப் பசை டப்பாவில் ஊற்றியது. எலியும் கரப்பானும் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து ஹென்றி டீச்சர் அவளோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த ஆண்டில் இருவருமே ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை என்று ரூபி பிற்காலத்தில் கூறியிருக்கிறார். ஆண்டு முடிவதற்குள் அந்தச் சிறுமியின் பேச்சில் பாஸ்டன்காரர்களின் உச்சரிப்பே வந்துவிட்டதாம்! ஒரு டீச்சருக்கு இதைவிட என்ன பரிசு வேண்டும்?

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. ரூபியின் தந்தை வேலையை இழந்தார். பக்கத்து மாநிலத்தில் குத்தகை நிலத்தில் உழைத்த தாத்தா பாட்டியை நிலத்தைவிட்டே வெளியேற்றினார்கள். ஆனால் அக்கம்பக்கத்தார் கைவிடவில்லை. ஒருவர் தந்தைக்கு வேலை கொடுத்தார். காலையில் ரூபி போகும் காரின் பின்னால் காவலாகச் சிலர் நடந்தார்கள்.

அந்த ஆண்டு இறுதியில் ஜான் ஸ்டெய்ன்பெக் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர், தம் நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா முழுதும் சுற்றியவர், இந்தத் தெருவுக்கும் வந்து கூட்டத்தை நேரில் பார்த்தார். 1962இல் வந்த அவரது பயண நூலில் அது பதிவாகியிருக்கிறது. நார்மன் ராக்வெல் என்ற ஓவியர், அதிகாரிகள் நடுவே வெள்ளை உடுப்போடு நடந்துபோகும் அந்தச் சிறுமியை வரைந்தார்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் வந்தது. கரைகள் உடைந்து நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. இந்தப் பள்ளியும் மூடப்பட்டது. அந்தப் புயலுக்குப் பிறகு நகரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி ஊழியர்கள் வேலையிழந்தார்கள். 2013இல் இந்தக் கட்டடத்தைச் சீர்செய்து வேறு பெயரில் மறுபடி பள்ளி திறந்தார்கள். ரூபி படித்த அறையை 1960இல் இருந்தபடியே அமைத்திருக்கிறார்கள். முற்றத்தில் புத்தகம் ஏந்திய சிறுமியாக அவருக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் போனது கோடை விடுமுறை. பள்ளி பூட்டியிருந்தது. வாசற்படியைப் பார்த்தபடி நின்றோம். உச்சி வெயில். தெருவில் ஆளில்லை. எதிர்ச்சாரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த கறுப்பின மூதாட்டி ஒருவர், "வெயிலில் நிற்காதே, பேபி, இங்கே வா" என்று அழைத்து ஐஸ் தண்ணீர் கொடுத்தார்.

எங்கிருந்து வருகிறோம், என்ன வேலை என்றெல்லாம் விசாரித்தார். நான் டீச்சர் என்றதும், "உன் வகுப்பில் எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார்.

"நாலு பேர்" என்றேன். சொல்லும்போதே எனக்குக் குரல் தாழ்ந்துவிட்டது.

அந்தப் பாட்டி பள்ளிக்கூடத்தைக் கையால் காட்டினார். "நாலு பேரா? அந்த டீச்சரைவிட உனக்கு மூணு பேர் கூடுதல்!"

நம் பிள்ளைகள்

குரல் ஏன் தாழ்ந்தது என்று தோட்டத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, 150 பிள்ளைகளுக்கும் குறைந்த 'குறைந்த மாணவர் பள்ளிகள்'. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. சனங்கள் பட்டணம் போய்விட்டார்கள். நான் படித்த காலத்தில் ஒரு வகுப்பில் முப்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். 2018இல் எங்கள் பள்ளி மொத்தத்துக்கே 31 பிள்ளைகள்தான்.

"நாலு பிள்ளைக்கு ஒரு டீச்சரா? அரசாங்கச் சம்பளம் சும்மா வருது" என்று கடைத்தெருவில் கேலி பேசுகிறவர்கள் உண்டு. "புள்ளைக்குக் கூட்டாளிங்களே இல்ல டீச்சர், டவுன் ஸ்கூலுக்கு மாத்திடவா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்கும் தாய்மாரும் உண்டு. அந்தத் தாய்மாரை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைக்கு எது நல்லது என்று தேடுவது தாயின் கடமை. வீடே பட்டணத்துக்குப் போனால் பிள்ளையும் போகத்தான் வேண்டும். ஆனால் தலை எண்ணிக்கை ஒன்றை மட்டும் பார்த்துப் பள்ளியை எடை போடாதீர்கள். வகுப்புக்குள் வந்து பாருங்கள். நாலு பிள்ளை உள்ள வகுப்பில் எந்தப் பிள்ளை நேற்று இரவு சாப்பிடவில்லை, எந்தப் பிள்ளைக்கு வகுத்தல் கணக்குப் புரியவில்லை, எதற்குக் கண்ணாடி தேவை என்பது டீச்சருக்குத் தெரியும். தெரியவில்லையென்றால் தாராளமாக வந்து சண்டை போடுங்கள். அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

என்னைப்போல் சிறு பள்ளியில் வேலை செய்யும் ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மழை நாளில் ஒரே ஒரு பிள்ளை நனைந்துகொண்டு வந்து நிற்கும். "இன்று பாடம் வேண்டாம், படம் வரை" என்று சொல்ல நாக்கு துடிக்கும். அன்றைக்கும் கரும்பலகையில் தேதி எழுதி முழுப் பாடம் நடத்துங்கள்.

இன்னொன்று. அன்று தெருவில் நின்று ஆறு வயதுக் குழந்தையைப் பார்த்துக் கூச்சலிட்டவர்களில் பலர் தாய்மார்கள். வீட்டில் பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்டிவிட்டு வந்த கைகள்தாம் அங்கே சவப்பெட்டிக்குள் கறுப்புப் பொம்மையை வைத்துத் தூக்கிக் காட்டின. "அந்தப் பிள்ளையோடு சேராதே" என்று நம் வீட்டிலும் சில சமயம் சொல்கிறோம். சாதியைச் சொல்லி, இனத்தைச் சொல்லி, அப்பன் குடிகாரன் என்று சொல்லி. சொல்லும்முன் ஒரு நிமிடம் அந்தப் பொம்மையை நினைத்துப் பாருங்கள்.

ஊர் திரும்பியதும் என் நாலு பிள்ளைகளுக்கும் ரூபியின் கதையைச் சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்கள். முடிந்ததும் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், ஓய்வு நேரத்துல அவ யாரோட வெளையாடுவா?"

"அவளுடைய டீச்சரோடுதான்" என்றேன்.

மறுநாள் ஓய்வு மணி அடித்ததும் நாலு பேரும் வந்து என் கையைப் பிடித்து இழுத்தார்கள். தாயக்கட்டையில் என்னைத் தோற்கடித்தும்விட்டார்கள்!

இன்றிரவு உங்கள் பிள்ளைகளுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் என்ன கேள்வி கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள். நல்ல கேள்விகளுக்கு அடுத்த மாதம் இதே பக்கத்தில் பதில் சொல்கிறேன்.

வணக்கம்.